அஸ்கார்ட்: ஒரு பாய்மரப் படகின் வரலாறு – பகுதி 9: கடலுக்கா, கூடத்துக்கா?

சென்ற வாரம் எர்ஸ்கின் சில்டர்ஸின் கடைசிக் காலையோடு நிறுத்தியிருந்தோம். 1922 நவம்பர் 24. டப்ளின் நகரின் பெகர்ஸ் புஷ் படைமுகாம். தன்னைச் சுடுவதற்காக நிறுத்தப்பட்டிருந்த சிப்பாய்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகுலுக்கிவிட்டு, தன் இடத்தில் வந்து நின்றார். அதற்கு முன்பே 16 வயது மகனிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தார். தன் சாவுக்குப் பொறுப்பானவர்களைத் தேடிப்போய் ஒவ்வொருவருக்கும் அவன் கைகொடுக்க வேண்டும்.

மனிதரின் கதை அங்கே முடிந்தது. படகின் கதை முடியவில்லை.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1903ல் வெளிவந்த ‘தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்’ நாவலை எழுதியவர் சில்டர்ஸ். ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில், மணல்திட்டுகளுக்கு நடுவே சின்னப் பாய்மரப் படகில் திரியும் இரண்டு ஆங்கிலேய இளைஞர்கள், இங்கிலாந்தின்மீது படையெடுக்க நடக்கும் ரகசிய ஏற்பாட்டைக் கண்டுபிடிக்கும் கதை அது. உளவு நாவல் என்ற வகைக்குப் பாதை போட்ட புத்தகங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு ஜனவரியில் பாஸ்டன் நகரத்து மாலி ஆஸ்குட்டை அவர் மணந்தார். மாமனார் கொடுத்த கல்யாணச் சீர்தான் அஸ்கார்ட். நான்சென் வட துருவத்தை நோக்கிப் போன ‘ஃப்ராம்’ கப்பலை வடிவமைத்துக் கட்டிய அதே காலின் ஆர்ச்சர், நார்வேயின் லார்விக் ஊரில் 1905ல் கட்டிய படகு. நீளம் 51 அடி, அகலம் 13 அடி, இரண்டு பாய்மரங்கள்.

ஜெர்மனியைப் பற்றி இங்கிலாந்தை எச்சரித்து எழுதிய அந்த எழுத்தாளர், 1914ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் துப்பாக்கி வாங்கினார். அயர்லாந்தின் தன்னாட்சிக்காகத் திரண்ட தொண்டர் படைக்கு 1,500 மௌசர் துப்பாக்கிகள். நடுக்கடலில் ஓர் இழுவைப் படகிலிருந்து அவற்றில் 900ஐ அஸ்கார்டில் ஏற்றினார்கள். அறைக்குள் கால் வைக்க இடமில்லாமல், துப்பாக்கிகளின் மேலேயே மெத்தை விரித்துப் படுத்தார்கள். கணவனும் மனைவியும், தோழி மேரி ஸ்பிரிங் ரைஸும், விடுப்பில் வந்த ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும், டோனகல் தீவுக்காரர்களான இரண்டு மீனவர்களும்தான் அந்தப் படகில் இருந்தவர்கள். சிறுவயதில் பனிச்சறுக்கில் அடிபட்டதால் ஆயுள் முழுக்க நடக்கச் சிரமப்பட்ட மாலிதான் பல வேளைகளில் சுக்கான் பிடித்தார்.

1914 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. டப்ளினுக்கு வடக்கே ஹௌத் துறைமுகத்தில், பட்டப்பகலில், அணிவகுத்து வந்து காத்திருந்த தொண்டர்களிடம் அத்தனை துப்பாக்கிகளும் கைமாறின. அன்று மாலையே டப்ளினின் பாச்சிலர்ஸ் வாக் தெருவில், பறிமுதல் செய்ய முடியாமல் திரும்பிய பட்டாளம் தன்னை ஏளனம் செய்த கூட்டத்தை நோக்கிச் சுட்டது. மூன்று பேர் அங்கேயே செத்தார்கள். காயம்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். இரண்டாவது வாரம் முடிவதற்குள் உலகப்போர் வந்துவிட்டது. சில்டர்ஸ் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். அஸ்கார்ட் வேல்ஸ் நாட்டுப் பட்டறை ஒன்றில் கரையேற்றப்பட்டது.

அதன் சொந்தக்காரர் மறுபடி அதில் பாய் விரிக்கவே இல்லை.

*

சில்டர்ஸ் போன சில ஆண்டுகளில், 1920களின் பிற்பகுதியில், குடும்பம் படகை விற்றது. கைமாறிக் கைமாறி இங்கிலாந்திலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது பொழுதுபோக்குப் படகாக இருந்தது. அந்த ஆண்டுகளில் சொல்ல அதிகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடைத்து விறகாக்க எத்தனையோ காரணங்கள் இருந்தும் யாரும் அதைச் செய்யவில்லை. சில்டர்ஸ் 1897ல் ஜெர்மன் கடற்கரைக்கு ஓட்டிப்போன ‘விக்சன்’ என்ற படகுக்கு, நாவலில் ‘டல்சிபெல்லா’வாக வரும் அந்தப் படகுக்கு, இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அது உடைக்கப்பட்டுவிட்டது. புத்தகத்தில் மட்டும்தான் இன்று அதைப் பார்க்க முடியும்.

மரப்படகு தானாகப் பிழைக்காது. ஆண்டுக்கொருமுறை யாரோ ஒருவர் கரையேற்றி, சுரண்டி, பலகைகளின் இடைவெளிகளில் கலப்பத்து அடித்து, சாயம் பூசினால்தான் அடுத்த ஆண்டு மிதக்கும். அந்தப் பெயர் தெரியாத சொந்தக்காரர்கள் வரலாற்றுக்காக அதைச் செய்திருக்க வேண்டியதில்லை. நல்ல படகு, கடலில் நன்றாகப் போகிறது என்பதே அவர்களுக்குப் போதுமான காரணம். காலின் ஆர்ச்சர் கட்டிய படகுகளின் குணம் அது. நார்வேயின் மீனவர்களைப் புயலிலிருந்து காப்பாற்றும் மீட்புப் படகுகளை வடிவமைத்தவர் அவர். முன்னும் பின்னும் கூர்ந்து, நடுவில் அகன்று, அலையின்மேல் ஏறி உட்காரும் வடிவம். 1914 ஜூலையில் ஐரிஷ் கடலின் கொந்தளிப்பில் அத்தனை பாரத்தோடு அஸ்கார்ட் மூழ்காமல் வந்ததற்கும் இதே காரணம்தான்.

*

1961ல் ஐரிஷ் அரசு அஸ்கார்டை விலைக்கு வாங்கியது.

அந்த ஆண்டின் அயர்லாந்தை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். நாட்டின் குடியரசுத் தலைவர் ஈமன் டிவேலரா. 1914ல் ஹௌத் துறைக்கு அணிவகுத்துப் போன தொண்டர்களில் அவரும் ஒருவர். உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் நின்றதற்காகச் சில்டர்ஸ் சுடப்பட்டாரோ, அந்தப் பக்கத்தின் அரசியல் தலைவரும் அவரே. அமைச்சர்களில் ஒருவர் எர்ஸ்கின் ஹாமில்டன் சில்டர்ஸ். அப்பாவுக்கு வாக்குக் கொடுத்த அந்த 16 வயதுப் பையன்தான். மாலி, கல்யாணச் சீராக அந்தப் படகைப் பெற்றவர், அப்போதும் உயிரோடு இருந்தார்.

1961 ஜூலை 30. அதுவும் ஞாயிற்றுக்கிழமை.

47 ஆண்டுகளுக்குப் பிறகு அஸ்கார்ட் மறுபடி ஹௌத் துறைமுகத்துக்குள் வந்தது. கரையில் டிவேலரா. கண்பார்வை அநேகமாகப் போய்விட்ட 78 வயது முதியவர். சுற்றிலும் 1914ன் தொண்டர்களில் எஞ்சியிருந்தவர்கள், எல்லோரும் கிழவர்கள். அன்று இளைஞர்களாக நீட்டி வாங்கிய அதே கைகளால் பழைய மௌசர் துப்பாக்கிகளைத் தொட்டு, அந்த நாளை மறுபடி நடத்திக் காட்டினார்கள்.

இந்தக் காட்சியில் நான் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிடுகிறேன். காரணம் இருக்கிறது. 1914ல் அந்தத் துறையில் ஒன்றாக நின்றவர்கள் எட்டே ஆண்டுகளில் இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்றவர்கள், மறுத்தவர்கள் என்று குடும்பங்களும் ஊர்களும் பிளந்தன. அந்தப் புண் 1961லும் ஆறவில்லை. எல்லோரும் சேர்ந்து நிற்கக்கூடிய இடங்கள் அந்த நாட்டின் சமீப வரலாற்றில் மிகக் குறைவு. பிளவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையைச் சேர்ந்தது என்பதால், இரண்டு தரப்பும் கூச்சமில்லாமல் தன்னுடையது என்று சொல்லக்கூடியதாக இந்தப் படகு இருந்தது. அரசு அதை வாங்கியதற்குப் பல காரணம் இருக்கலாம். எனக்கு முதன்மையாகத் தெரிவது இதுதான்.

விழா முடிந்தது. கேள்வி எழுந்தது. வாங்கிய படகை என்ன செய்வது?

*

1960களின் கடைசியில் கிடைத்த பதில் அழகானது. படகு ஓடட்டும். இளைஞர்கள் ஓட்டட்டும்.

‘கோஷ்டா அன் அஸ்கார்ட்’ என்ற பெயரில், அஸ்கார்டுக்காகவே அரசு ஒரு குழுவை அமைத்தது. அப்போதைய நிதியமைச்சர் சார்லஸ் ஹாகி இதில் தீவிரமாக இருந்தார். படகு செப்பனிடப்பட்டு, 1969லிருந்து அயர்லாந்தின் பாய்மரப் பயிற்சிக் கலமாக மாறியது. எரிக் ஹீலி அதன் கேப்டன்.

கடலே பார்க்காத பிள்ளைகள் வந்தார்கள். பாய் இழுத்தார்கள், கயிறு முடிந்தார்கள், வாந்தி எடுத்தார்கள், இரவுக் காவல் நின்றார்கள். 900 துப்பாக்கிகள் கிடந்த அதே அறையில் படுத்துத் தூங்கினார்கள். சுக்கானைப் பிடித்து நின்ற பதினேழு வயதுப் பையனுக்கு மாலி நின்ற இடத்தில்தான் நிற்கிறோம் என்பதை யாரும் பாடமாகச் சொல்லத் தேவையில்லை. காற்று எதிர்த்தால் படகு எப்படி மறுக்கும், எப்போது இணங்கும் என்பது அவன் கைக்குத் தெரிந்துவிடும். 1914ன் மாலிக்கும் அது அப்படியேதான் தெரிந்தது. ஒரு நாவலாசிரியருக்கும் அவர் மனைவிக்கும் இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னத்தை என்னால் நினைக்க முடியவில்லை.

அது நீடித்தது 1974 வரைதான். முதல் காரணம் இடம். 51 அடிப் படகில் கேப்டன் போக எத்தனை பிள்ளைகளை ஏற்ற முடியும்? காத்திருந்தவர்கள் ஏராளம், கடலுக்குப் போனவர்கள் கொஞ்சம். இரண்டாவது காரணம், மரத்துக்கு அப்போது வயது 70ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு ‘கிரெய்ட்னெ’ என்ற படகு தற்காலிகமாக அந்த வேலையை ஏற்றது. பிறகு 1981ல், ஆர்க்லோ ஊரின் ஜாக் டிரல் வடிவமைத்துக் கட்டிய புதிய மரக்கப்பல் நீரில் இறங்கியது. ஐந்து மாலுமிகளும் 20 பயிற்சி இளைஞர்களும் தங்கக்கூடியது. முகப்பில் 16ம் நூற்றாண்டின் ஐரிஷ் கடல்ராணி கிரான்யுவேலின் சிலை. பெயர், அஸ்கார்ட் II.

பெயர் புதிய கப்பலோடு கடலுக்குப் போனது. பழைய மரம் கரையில் நின்றது.

*

1979ல் அஸ்கார்டைக் கில்மெய்ன்ஹாம் சிறைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 1916 எழுச்சியின் தலைவர்கள் சுடப்பட்ட சிறை. 1924ல் அதன் கடைசிக் கைதியாக வெளியே வந்தவர் டிவேலரா. நாட்டின் புனித இடங்களில் ஒன்றாக, அருங்காட்சியகமாக அது மாறியிருந்தது. ஹௌத்தில் இறங்கிய துப்பாக்கிகள் 1916 எழுச்சியில் வெடித்தன என்பதால், தேர்ந்த இடத்தில் பொருள் இருந்தது.

ஆனால் படகுக்கு அது நல்ல இடமல்ல.

மிதக்கும்போது ஒரு படகின் உடம்பு முழுவதையும் நீர் சமமாகத் தாங்குகிறது. கரையேற்றினால் முழுப் பாரமும் ஏராக்கட்டையின் மேலும் நாலைந்து முட்டுக்கட்டைகளின் மேலும் வந்து உட்காருகிறது. ஆண்டுகள் போகப் போக முன்னும் பின்னும் தொங்கி, வடிவமே கோணிப்போகும். உப்புநீரில் ஊறியிருந்த பலகைகள் காய்ந்து சுருங்கும். இடைவெளிகள் வாயைத் திறக்கும். உப்புநீர் மரத்தைக் காக்கும், மழைநீர் மரத்தை மக்கவைக்கும் என்பது படகு கட்டும் எவருக்கும் தெரிந்த பாலபாடம். இரும்பு ஆணிகள் இருந்தால் அவை துருப்பிடித்து வீங்கி, சுற்றியுள்ள மரத்தை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வழவழவென்று சாயம் பூசிய பலகைக்குள் விரலை விட்டால் தூளாக உதிரும்.

தேச பக்தியால் ஒரு வங்குக்காலைக்கூடத் தாங்க முடியாது. கில்மெய்ன்ஹாமில் கழிந்த இருபதாண்டுகள் அதைக் காட்டின.

*

நூற்றாண்டு நெருங்கியபோது வாதம் சூடுபிடித்தது. பழுது பார்த்துக் கடலில் விடு என்றது ஒரு பக்கம். இருப்பதை இருப்பதுபோலக் காப்பாற்று என்றது இன்னொரு பக்கம்.

முதல் பக்கத்தின் வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு உதாரணம் பக்கத்திலேயே இருந்தது. இங்கிலாந்தின் சிறுவர் கதையாசிரியர் ஆர்தர் ரான்சம் 1934ல் வாங்கிய ‘நான்சி பிளாக்கெட்’ படகைப் பாருங்கள். 1931ல் லிட்டில்ஹாம்ப்டனில் ஹில்யார்ட் பட்டறையில் கட்டியது. தன் கதைகளில் வரும் கடல்கொள்ளைக்காரச் சிறுமியின் பெயரையே அதற்கு வைத்தார். நான்கு குழந்தைகள் நங்கூரம் நழுவி வடகடலைக் கடந்துவிடும் அவருடைய 1937ம் ஆண்டுப் புத்தகத்தில் ‘காப்ளின்’ என்று வருவது இந்தப் படகுதான். பிற்காலத்தில் ஸ்கார்பரோ துறைமுகத்தில் கேட்பாரற்று அழுகிக் கிடந்தது. 1980களில் ஒருவர் அதை மீட்டுச் செப்பனிட்டார். 1997ல் வாசகர்கள் ஓர் அறக்கட்டளை தொடங்கிப் பணம் திரட்டி வாங்கினார்கள். ரான்சம் படித்தவர்கள் இன்றும் அதில் ஏறி, அவர் பாய் விரித்த ஆர்வெல் ஆற்றிலேயே போகிறார்கள். படகு ஓடுகிறது, ஓடுவதால் பராமரிக்கப்படுகிறது, பராமரிக்கப்படுவதால் பிழைத்திருக்கிறது.

அப்படியானால் அஸ்கார்ட் ஏன் ஓடக்கூடாது?

விடை மரத்தில்தான் இருக்கிறது. ஆட்களை ஏற்றிக் கடலுக்குப் போக வேண்டுமானால் நலிந்த பலகை ஒவ்வொன்றையும் கழற்றி எறிய வேண்டும். வங்குகள் மாறும், தளம் மாறும், ஆணிகள் மாறும். கடலுக்குத் தகுதியான, பளபளப்பான ஒரு படகு கிடைக்கும். ஆனால் காலின் ஆர்ச்சரின் ஆட்கள் 1905ல் இழைத்த மரம் அதில் எவ்வளவு மிஞ்சும்? நான்சி பிளாக்கெட்டில் நாம் தேடுவது ரான்சமின் மகிழ்ச்சியை. புதுப்பலகையிலும் அது கிடைக்கும். அஸ்கார்டில் தேடுவது வேறு. 1914 ஜூலையில் துப்பாக்கிகளின் பாரத்தைச் சுமந்தது எந்தப் பலகையோ, அந்தப் பலகையே அங்கே சாட்சி. சாட்சியை மாற்றிவிட்டு வழக்கு நடத்த முடியாது.

கடலில் விடச் சொன்னவர்களின்மேல் எனக்கு மரியாதை உண்டு. படகை மனத்தார நேசித்தவர்கள் அவர்கள். ஆனாலும் என் வோட்டு இரண்டாவது பக்கத்துக்குத்தான்.

அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமும் அப்படியே முடிவெடுத்தது. 2007ல் டப்ளினின் காலின்ஸ் பாரக்ஸில், பழைய படைமுகாமின் உடற்பயிற்சிக் கூடத்தில், ஜான் கேரன் என்ற மரக்கப்பல் வல்லுநரின் தலைமையில் வேலை தொடங்கியது. மாற்றியே தீர வேண்டியதை மட்டும் மாற்றுவது, மற்றதை எல்லாம் அதன் இடத்திலேயே நிறுத்துவது என்பதுதான் திட்டம். புதிதாகக் கட்டுவதைவிட இது பல மடங்கு கடினம். ஒரு பழைய பலகையைத் தூக்கி எறிவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டும்.

அதாவது, அஸ்கார்ட் இனி ஒருபோதும் மிதக்காது.

இந்த முடிவை மனம் நோகாமல் ஏற்க ஒரு காரணம் எல்லோருக்கும் இருந்தது. அஸ்கார்ட் II இருக்கிறதே! 1981லிருந்து தலைமுறை தலைமுறையாக ஐரிஷ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அது கடல் கடலாகப் போய்க்கொண்டிருந்தது. 1988ல் ஆஸ்திரேலியாவரை போய் வந்தது. மூத்தது கூடத்தில் அமர்ந்தால் என்ன, இளையது கடலில் இருக்கிறது.

*

2008 செப்டம்பர் 11.

காலின்ஸ் பாரக்ஸில் பழைய மரத்தின்மேல் வேலை நடந்துகொண்டிருந்தது. அஸ்கார்ட் II பிரான்ஸின் லா ரோஷெல் துறைமுகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் 25 பேர். பெரும்பாலோர் பயிற்சிக்கு வந்தவர்கள். பிரிட்டனி கரைக்கு அப்பால், பெல் தீவுக்கு அருகே, விடியாத இருட்டு.

கப்பலுக்குள் தண்ணீர் ஏறுவது தெரிந்தது.

பம்புகளுக்கு அடங்கவில்லை. கேப்டன் எல்லோரையும் கப்பலைவிட்டு இறங்கச் சொன்னார். இருட்டில், திறந்த கடலில், தூக்கத்திலிருந்து எழுந்து வந்த இளைஞர்கள் மிதவைகளில் இறங்கினார்கள். பிரெஞ்சு மீட்புப் படகுகள் வந்தன. 25 பேரும் கரை சேர்ந்தார்கள். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கற்றுக்கொண்ட ஒழுங்கு கைகொடுத்த நாள் அது.

விடிந்த பிறகு கப்பல் மூழ்கியது.

சில நாட்களில் அது கிடக்கும் இடம் தெரிந்தது. சுமார் 80 மீட்டர் ஆழம். சாயவில்லை, உடைந்து சிதறவில்லை, கடலடியில் நேராக உட்கார்ந்திருந்தது.

டப்ளினில், ஓடக்கூடாது என்று தீர்மானிக்கப்பட்ட அஸ்கார்ட். பிரான்ஸுக்கு அப்பால் கடலடியில், ஓடுவதற்கென்றே கட்டிய அஸ்கார்ட். அந்தச் செப்டம்பர் மாதத்தில்தான் அயர்லாந்தின் வங்கிகள் ஆட்டம் காணத் தொடங்கியிருந்தன. அரசின் கஜானா சுருங்கிக்கொண்டிருந்தது. கப்பலைத் தூக்குங்கள் என்று அதில் பயின்றவர்கள் கேட்டார்கள்.

80 மீட்டர் ஆழத்திலிருந்து அதை மேலே கொண்டுவருவார்களா? மூன்றாவதாக ஒன்றைக் கட்டுவார்களா? அல்லது அஸ்கார்ட் என்ற பெயரே கடலைவிட்டுக் கரையேறிவிடுமா?

(அடுத்த வாரம்)